பூட்டின அலுமாரியும் விடுமுறைப் பிள்ளைகளும்

"எங்கட பிள்ளைகளுக்கு வாசிப்புப் பழக்கமே இல்லை." வன்னியில் அடிக்கடி காதில் விழுகிற பேச்சு இது. பழக்கம் இல்லையா, இல்லாட்டி புத்தகமே இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. அதற்குப் பதில் எங்கட வரலாற்றில்தான் இருக்கிறது.

1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட சனத்தில் பெருந்தொகையானோர் வன்னிக்கு வந்தார்கள். 1996 இல் கிளிநொச்சிச் சனமும் இடம்பெயர்ந்தது. 2009 இல் எஞ்சியிருந்த ஊர்களும் வெறிச்சோடின. மூட்டை கட்டும்போது அடையாள அட்டை, சான்றிதழ், அரிசி, சட்டி பானை என்றுதான் கை போகும். செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் மூடப்பட்டது 2012 செப்ரெம்பரில். மீளக்குடியேறியவர்களுக்குக் கூரையும் கிணறும்தான் முதல் வேலை. வீட்டில் புத்தகம் இல்லாமல் போனதற்குச் சோம்பலைக் காரணம் சொல்ல ஏலாது.

இதனால் விடுமுறையில் பிள்ளைக்குப் புத்தகம் கிடைக்கக்கூடிய இடம் பாடசாலை ஒன்றுதான். நாங்கள் படித்த காலத்தில் தவணை முடிய நூலக அலுமாரியும் பூட்டப்படும். புத்தகம் தொலைந்தால் கணக்கெடுப்பில் பதில் சொல்லவேண்டியவர் ஆசிரியர். அவருடைய பயத்தில் நியாயம் உண்டு. ஒக்டோபரில் வாசிப்பு மாதம் வரும், போட்டி நடக்கும். ஓகஸ்ட்டும் டிசம்பரும் ரியூசனோடும் போனோடும் போய்விடும்.

ஆனால் புத்தகம் பாதுகாத்து வைக்க அல்ல, பாவிக்கத்தான் என்பது பழைய பாடம். 1931 இல் எஸ். ஆர். இரங்கநாதனின் நூலக அறிவியலின் ஐந்து விதிகள் வெளிவந்தன. முதல் விதியே அதுதான். அதே ஆண்டு மன்னார்குடிப் பக்கக் கிராமங்களுக்கு மாட்டுவண்டியில் நூலகம் போனது. வாசகர் வராவிட்டால் புத்தகம் போகவேண்டும் என்பது அதன் எளிய தர்க்கம்.

விடுமுறை பற்றித் தனியாக ஆராய்ந்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் அட்லாண்டா நகர மாணவரை வைத்து பார்பரா ஹெய்ன்ஸ் 1978 இல் வெளியிட்ட ஆய்வு, கோடை விடுமுறையில் கற்றல் வளர்வதற்கும் வாசிப்புக்கும் உள்ள தொடர்பைக் காட்டியது. 2010 இல் வெளியான புளோரிடா ஆய்வில், வறிய பிள்ளைகளுக்கு மூன்று கோடைகளில், ஒவ்வொரு கோடைக்கும் 12 புத்தகங்கள் கொடுத்தார்கள். தெரிவு செய்தது பிள்ளைகள். அவர்களின் வாசிப்புத் திறன் மற்றப் பிள்ளைகளைவிட மேம்பட்டது. 2008 இல் ஜேம்ஸ் கிம் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: புத்தகத்தை மட்டும் கொடுத்தால் போதாது, விடுமுறைக்கு முன் ஆசிரியர் எப்படி வாசிப்பது என்று சொல்லிக்கொடுத்த பிள்ளைகளே முன்னேறினார்கள்.

ஆகவே ஆசிரியர்களிடம் நாங்கள் கேட்பது பெரிய திட்டம் ஒன்றுமில்லை. தவணையின் கடைசி வாரத்தில் அலுமாரியைத் திறவுங்கோ. பிள்ளை தானே இரண்டு மூன்று புத்தகம் எடுக்கட்டும். கொப்பியில் பெயர் எழுதினால் காணும். ஒரு கதையை வகுப்பில் சேர்ந்து வாசித்து, விளங்காத இடத்தில் நின்று யோசிக்கவும், வாசித்ததை அம்மம்மாவுக்கோ தம்பிக்கோ சொல்லவும் பழக்குங்கோ. பாடசாலை தொடங்கியதும் புள்ளி போடாமல், கதையைப் பற்றி மட்டும் கதையுங்கோ.

ஒன்றிரண்டு புத்தகம் தொலையும்தான். அந்த இழப்புக்கு ஆசிரியரைத் தனியே பொறுப்பாக்காமல் அதிபரும் பழைய மாணவர் சங்கமும் முன்னுக்கு நிற்கவேணும். போரில் எவ்வளவோ இழந்த ஊர், பிள்ளை கையில் போய்த் தொலைகிற ஒரு கதைப்புத்தகத்துக்குப் பயப்படக்கூடாது.