பஞ்சமி நிலமும் திருச்சபையின் பொறுப்பும்

நிலம் எவருக்கு உரியது என்பதை உலகியல் வினா என்று நாம் ஒதுக்கிவிடுதல் கூடாது. அமெரிக்காவின் வர்ஜீனியாக் குடியேற்றத்தில், 1618-ஆம் ஆண்டின் ஏற்பாட்டின்படி, ஒருவரைக் கப்பற்செலவு கொடுத்து அழைத்துவந்தோர் தலைக்கு 50 ஏக்கர் பெற்றனர். நிலம் பணம் கொடுத்தவரைச் சேர்ந்தது. உழைக்க வந்தவரை அன்று. அம்மண்ணின் பழங்குடியினரோ புறக்கணிக்கப்பட்டனர்.

நம் நாட்டிலும் இதனையொத்த நிலை இருந்தது. செங்கற்பட்டு மாவட்டத்தில் தரிசு நிலத்தின்மீதும் மிராசுதாரர் முன்னுரிமை கோரினர். ஆதலால், தலைமுறை தலைமுறையாய் உழுதவர் தமக்கெனக் காணி பெறுதல் அரிதாயிற்று. ஆட்சியர் டிரமன்ஹீர் 1891-இல் இவர்தம் நிலையை அறிக்கையாக எழுதினார். ஆதாம் ஆண்ட்ரூ, கௌடி முதலிய மிஷனெரிமாரும் இவர்களுக்காகக் குரலெழுப்பினர். 1892-இல் சென்னை அரசு தரிசு நிலங்களை இம்மக்களுக்கு ஒதுக்க ஆணையிட்டது. பத்தாண்டுவரை விற்றலாகாது, அதன்பின்னும் அவ்வகுப்பினர்க்கன்றிப் பிறர்க்கு மாற்றலாகாது என்பது நிபந்தனை.

ஆயினும் கடனாலும் அச்சத்தாலும் பல நிலங்கள் பிறர் கைக்குச் சென்றன. காரணையில் எழுந்த நிலமீட்புப் போராட்டத்தையொட்டி, 1994-இல் காவலரின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர்.

நாபோத்தின் திராட்சத்தோட்டத்தைப் பற்றிப் பிரசங்கிக்கும் நாம், திருவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலை அடிவாரமாயினும், வேறெவ்வூராயினும், நம் சபையாருள் எவரிடம் பட்டா உண்டு, எவரிடம் இல்லை என்று அறிந்திருக்கிறோமா? சபைகளுக்கும் நிலம் உண்டு. அதனை உழுகிறவர் எந்நிலையில் உள்ளார் என்பதும் நாம் விடை கூறவேண்டிய வினாவே.