நிறுவுவது எளிது, நீக்குவது அரிது

கணினியில் ஒரு மென்பொருளை நிறுவுவதற்குச் சில நிமிடங்கள் போதும். அதனை முற்றாக நீக்குவதற்கோ சில வேளைகளில் ஒரு நாளும் போதாது. பழைய கணினியோடு பழகியோர் இதனை நன்கு அறிவர். 'நீக்க இயலவில்லை' என்னும் அறிவிப்புத் திரையில் தோன்றும். ஒருவாறு நீக்கிவிட்டாலோ, தொடர்பே இல்லாத வேறொரு மென்பொருள் இயங்க மறுக்கும். கணினியின் முதுமை மட்டும் இதற்குக் காரணமன்று. இச்சிக்கலுக்கென ஒரு வரலாறு உண்டு. அதனை அறிந்தால் தீர்வும் எளிதாகும்.

தனி வீடும் பொதுக் கிணறும்

1980களில் டாஸ் இயங்குதளத்தில் பெரும்பாலான மென்பொருள்கள் தத்தமக்குரிய ஒரே கோப்புறையில் அடங்கியிருந்தன. அக்கோப்புறையை அழித்து, தொடக்கக் கோப்புகளில் சேர்ந்திருந்த ஓரிரு வரிகளையும் நீக்கினால் வேலை முடிந்தது.

விண்டோஸ் பரவியபோது நிலைமை மாறியது. அன்று வன்தட்டிலும் நினைவகத்திலும் இடம் குறைவு. ஆகவே, பல மென்பொருள்களுக்கும் தேவைப்படும் நிரற்பகுதிகளை 'டிஎல்எல்' என்னும் கோப்புகளாக ஒரே இடத்தில் வைத்துப் பகிர்ந்துகொண்டனர். ஊருக்கெல்லாம் ஒரு பொதுக் கிணறு போன்ற சிக்கனமான ஏற்பாடு அது. ஆயினும், புதிதாக வந்த மென்பொருள் தன்னோடு கொண்டுவந்த பழைய பதிப்பை, அங்கிருந்த புதிய பதிப்பின்மேல் எழுதிவிடுவதுண்டு. ஒன்றை நிறுவ மற்றொன்று முடங்கும். நிரலாளர்கள் இதற்கு 'டிஎல்எல் நரகம்' என்றே பெயர் சூட்டினர்.

பட்டியலின் உண்மை நிலை

1995 ஆகஸ்டு 24ஆம் நாள் வெளிவந்த விண்டோஸ் 95, மென்பொருள்களைச் சேர்க்கவும் நீக்கவும் தனிப் பகுதி ஒன்றைத் தந்தது. அதில் காணும் பட்டியல் மென்பொருள்களின் பட்டியல் எனப் பலரும் எண்ணுவர். உண்மையில் அது முகவரிப் பட்டியலே. ஒவ்வொரு மென்பொருளும் தன் பெயரையும் தன் நீக்கி இருக்கும் இடத்தையும் 'பதிவகம்' எனப்படும் தரவுத்தளத்தில் எழுதி வைக்கிறது. நாம் கோப்புறையைக் கையால் அழித்துவிட்டால் நீக்கியும் உடன் அழிகிறது. பெயர் மட்டும் பட்டியலில் எஞ்சுகிறது. நீக்க மறுக்கும் பெயர்கள் பலவற்றின் மருமம் இதுவே.

பகிர்வுக் கோப்பு ஒவ்வொன்றையும் எத்தனை மென்பொருள்கள் பயன்படுத்துகின்றன என்னும் எண்ணிக்கையும் பதிவகத்தில் வைக்கப்பட்டது. எல்லா மென்பொருள்களும் அக்கணக்கை ஒழுங்காகப் பதியவில்லை. அதனால்தான் நீக்கும்போது, 'இக்கோப்பு இனித் தேவைப்படாது போலும், அழிக்கலாமா?' என்று கணினி நம்மிடமே கேட்டது. ஐயமிருப்பின் 'வேண்டாம்' என்பதே சரியான விடை.

மருந்தும் பக்கவிளைவும்

1999இல் ஆபிஸ் 2000 தொகுப்புடன் 'விண்டோஸ் இன்ஸ்டாலர்' வந்தது. நிறுவும் செயல் பாதியில் முறிந்தால் பழைய நிலைக்கு மீளும் திறன் அதற்குண்டு. 2000இல் வெளிவந்த விண்டோஸ் 2000, இயங்குதளத்தின் முக்கியக் கோப்புகளைப் பிற மென்பொருள்கள் மாற்றாதவாறு காத்தது. அதே ஆண்டில் விண்டோஸ் எம்இ, கணினியை முந்தைய நிலைக்கு மீட்டெடுக்கும் வசதியை அளித்தது.

இந்த இன்ஸ்டாலர், நீக்கத்திற்கு வேண்டிய குறிப்புகளை விண்டோஸ் கோப்புறைக்குள் 'இன்ஸ்டாலர்' என்னும் மறைகோப்புறையில் சேமிக்கிறது. இடம் போதவில்லையே என்று அதனைத் துடைத்துவிட்டால், பின்னர் நீக்கவோ மேம்படுத்தவோ முயலும்போது கணினி மூலக் குறுவட்டைக் கேட்டு நிற்கும். சிக்கிய பதிவுகளை அகற்ற மைக்ரோசாப்ட் வழங்கிய துப்புரவுக் கருவியே பிற மென்பொருள்களைப் பழுதாக்கியதால், 2010இல் அது திரும்பப் பெறப்பட்டது.

ஆகவே, நீக்க மறுக்கும் மென்பொருளுக்கு முதல் மருந்து மறுதொடக்கம். அடுத்து, வன்தட்டில் போதிய இடம் உள்ளதா எனப் பார்க்க வேண்டும். அதன் பின்னரும் மறுத்தால், அதே பதிப்பை மீண்டும் நிறுவிவிட்டு முறைப்படி நீக்கலாம். தொலைந்த நீக்கி அதனால் திரும்பக் கிடைக்கும். பதிவகத்தில் கைவைப்பது கடைசி வழியாகவே இருக்கட்டும்.

தமிழுக்கு நேரும் இழப்பு

தமிழர்களாகிய நமக்கு இதில் கூடுதல் கவனம் தேவை. விண்டோஸ் 2000 ஒருங்குறித் தமிழை ஏற்கும்வரை, தமிழ் எழுத்து தனி மென்பொருள்களையும் எழுத்துருக்களையுமே நம்பியிருந்தது. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலும், சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி உருவாக்கிய கணியனும் அக்கால முன்னோடிகள். தகுதரம், டாப், டாம் எனக் குறியாக்கங்கள் பலவாயின.

பழைய தமிழ் மென்பொருளை நீக்கும்போது அதன் எழுத்துருவும் உடன் போகக்கூடும். அந்நிலையில் நம் கட்டுரைகளும் தேர்வுத் தாள்களும் ஆண்டு மலர்களும் பொருளற்ற உரோமன் எழுத்துகளாகத் தோன்றும். ஆவணம் அழியவில்லை, அதைப் படிக்கும் திறவுகோலே தொலைந்தது. எந்த எழுத்துரு என்பதை அறிந்தவர் எவரும் இல்லையெனில், இரண்டும் ஒன்றே.

ஆதலால், பழைய கணினியைத் தூய்மை செய்யப் புகுமுன் எழுத்துருக் கோப்புகளைப் படியெடுத்து வையுங்கள். ஒவ்வோர் ஆவணமும் எந்த எழுத்துருவில் உள்ளதெனக் குறித்து, ஒருங்குறிக்கு மாற்றுங்கள். நீக்கு என்னும் பொத்தானை அதன் பிறகு அழுத்தலாம்.