வடபுலத்துக் குளங்களும் நீர்ப்பிரிமேடும்

மாகாணங்களின் எல்லைகளை வகுத்தோர் ஆட்சியாளர். நீரின் எல்லைகளை வகுத்தது நிலம். வரலாற்று நூல்கள் முன்னதையே பெரிதும் பேசுகின்றன. ஆயினும், இலங்கையின் வடபுலத்து மக்கள் வாழ்ந்த வரலாற்றை உணர விழைவோர் பின்னதையும் அறிதல் வேண்டும்.

பெய்த மழை எத்திசையில் வடிந்து செல்லும் என்பதை நிருணயிக்கும் மேட்டு நிலத்தை நீர்ப்பிரிமேடு என்பர் புவியியலார். வன்னியில் அஃது ஓங்கிய மலைத்தொடரன்று. வவுனியாவைச் சூழ்ந்துள்ள, கண்ணுக்கு எளிதிற் புலப்படாத தாழ்ந்த மேடேயாம். அங்கிருந்து கனகராயனாறு வடக்கே ஓடி, ஆனையிறவுக்குக் கிழக்கேயுள்ள கடனீரேரியிற் கலக்கின்றது. பறங்கியாறும் பாலியாறும் மேற்குக் கடலை நாடுகின்றன. பேராறு கிழக்குக் கரைப்பக்கம் செல்கின்றது. இவை யாவும் வடகீழ்ப் பருவமழையிற் பெருகி, கோடையில் மணற்படுகையாய்க் கிடப்பன. ஆதலின், ஆற்றை மாத்திரம் நம்பி வாழவியலாத மக்கள் குளங்களை ஆக்கினர். பாலியாற்றை மறித்த வவுனிக்குளமும் பேராற்றை மறித்த முத்தையன்கட்டுக் குளமும் அவற்றுட் பெரியன.

சிறு குளங்களின் அமைப்பு இன்னும் நுணுக்கமானது. மேற்குளத்தின் வான் பாயும் நீரும், அதன் வயல்களிற் கழிந்த நீரும் கீழ்க்குளத்துக்கு வரவாகும். மேற்குளம் உடைப்பெடுப்பின் கீழ்க்குளத்துக்கும் ஆபத்தே. மேற்குளத்தார் வானை உயர்த்துவாராயின், மழை குன்றிய ஆண்டிற் கீழ்க்குளத்தார் வயல் காயும். எனவே, குளம் ஓரூரின் உடைமையாயினும் அதன் நீர் பல ஊர்களின் உறவாகும்.

இவ்வுறவை ஆட்சி எல்லைகள் எப்பொழுதும் மதித்தனவல்ல. 1833இல் ஆங்கிலேயர் தீவை ஐந்து மாகாணங்களாகப் பிரித்தபோது, நுவரகலாவியா வடமாகாணத்துள் அடங்கியிருந்தது. 1873இல் அது பிரிக்கப்பட்டு வடமத்திய மாகாணத்தின் பகுதியாயிற்று. அநுராதபுரத்தின் ஊடாக வரும் மல்வத்து ஓயாவே மன்னார்ப் பகுதியில் அருவியாறு எனப் பெயர் பெற்று, தேக்கம் அணையின் வழியே கட்டுக்கரைக் குளத்தை நிரப்புகின்றது. மாகாணம் இரண்டாயினும் ஆறு ஒன்றே. மேற்பகுதியில் நீர் தேக்கப்படும் அளவைப் பொறுத்தே மன்னாரின் நெல்வயல்கள் இன்றும் விளைகின்றன.

இனி யாழ்ப்பாணக் குடாநாட்டை நோக்குவாம். இங்கே வற்றாத ஆறு எதுவுமில்லை. மாரியில் மாத்திரம் ஓடும் வழுக்கையாறு ஒன்றேயுளது. பெய்யும் மழை சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளூடே இறங்கி, உவர்நீரின்மீது நன்னீர்ப் படலமாய் நிற்கின்றது. கிணறுகள் இறைப்பது அப்படலத்தையே. அளவுக்கு மிஞ்சி இறைப்பின் கீழுள்ள உவர் மேலெழும்.

இக்குறையை நீக்க எண்ணிய பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் அவர்கள், 1950களில் 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்னும் திட்டத்தை வகுத்தார். ஆனையிறவுக் கடனீரேரியைக் கடலினின்றும் அடைத்து நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சி, உப்பாறு ஆகிய கடனீரேரிகளுக்குச் செலுத்துவதே அதன் சாரம். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் எழுந்தன, வாய்க்காலோ நிறைவுறவில்லை. கடலுக்கு வீணே செல்லும் வெள்ளத்தை மாத்திரம் இத்திட்டம் நாடியது என்பது கருதத்தக்கது.

1902இல் தொடங்கி 1921இல் நிறைவுற்ற இரணைமடுக் குளம் கனகராயனாற்றையே மறித்து நிற்கின்றது. 2010களில் அக்குளத்தினின்றும் குடாநாட்டுக்குக் குடிநீர் கொணர முயன்றபோது கிளிநொச்சி உழவர் எதிர்த்தனர். தாகமுற்றோர் கேட்டதும் நியாயம். சிறுபோகத்துக்கே நீர் போதாதென்று உழவர் அஞ்சியதும் நியாயம். ஈற்றிற் குடாநாட்டுக்காகத் தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைக்கப்பட்டு, 2024இல் திறக்கப்பட்டது.

எனினும் வினா முற்றாகத் தீர்ந்ததன்று. மேட்டில் வாழ்வோரும் பள்ளத்தில் வாழ்வோரும் ஒரே நீரால் இணைக்கப்பட்டவர். சின்னஞ்சிறு குளங்களை அடுத்தடுத்துக் கட்டிய முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர். நீரைப் பங்கிடப் புகுவோர், மாகாண வரைபடத்தை விரிக்குமுன் அது வடிந்து வரும் நிலத்தை நோக்குவாராக.