சாணைக்காரரின் மூச்சு

பழம்பொருட் கடைகளில் மடக்குச் சவரக்கத்தி சில வேளைகளில் நம் கண்ணில் படுகிறது. கொம்பினாலான கைப்பிடி, துருவேறிய அலகு, அலகின் தண்டிலே ஒரு தொழிலகத்தின் பெயரும், அதன்கீழ் ‘ஷெஃபீல்ட்’ என்னும் ஊர்ப்பெயரும். இத்தகைய கத்திகளைத் தேடி வாங்கி, மீண்டும் சாணை பிடித்து, முகம் மழிக்கும் பதத்துக்குக் கொண்டுவருவோர் மேலைநாடுகளில் இன்றும் உள்ளனர். பொழுதுபோக்கென்று நாம் அதைத் தள்ளிவிடலாம். ஆனால் அக்கத்திக்கு முதன்முதலில் சாணை பிடித்தவர் யார், அவர் எத்தனை ஆண்டு வாழ்ந்தார் என்று கேட்கத் தொடங்கினால், அலகின் இருபுறமும் தெரியும் அந்த மெல்லிய குழிவு வேறொரு கதையைச் சொல்கிறது.

ஷெஃபீல்ட் இங்கிலாந்தின் வடபுலத்தில் குன்றுகளுக்கிடையே அமைந்த நகரம். அதன் சிற்றாறுகள் நீர்ச்சக்கரங்களைச் சுழற்றின. நீர்ச்சக்கரங்கள் சாணைக்கற்களைச் சுழற்றின. 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரக் கைவினைஞர் மூசையிலே உருக்கி வார்த்த எஃகை உருவாக்கினார். மாசற்ற, சீரான அந்த எஃகு சவரக்கத்திக்கென்றே பிறந்தது போலாயிற்று. ஆயினும் கொல்லன் அடித்துத் தந்த கனத்த தகட்டைக் கத்தியாக்குவது சாணைக்கல்லே. சாணைக்காரர் குதிரைமேல் அமர்வது போல மரச்சேணத்தில் கால்பரப்பி அமர்ந்து, சுழலும் மணற்கல்லின்மீது குனிந்து, நாள்முழுதும் இரும்பை அழுத்திப் பிடித்திருப்பார். கல் உடைந்து சிதறினால் உயிரே போகும். அது எப்போதோ நேர்வது. தூசியோ ஒவ்வொரு நாளும் வந்தது.

1830ஆம் ஆண்டிலேயே ஆர்னல்ட் நைட் என்ற ஷெஃபீல்ட் மருத்துவர் ‘சாணைக்காரரின் ஈளைநோய்’ பற்றி எழுதினார். (இவர் கத்தோலிக்கர், இவருடைய மைந்தருள் ஒருவர் பின்னாளில் ஷ்ரூஸ்பரி மறைமாவட்டத்தின் ஆயரானார்.) உலர்ந்த கல்லில் முட்கரண்டி தீட்டுவோர் 28 முதல் 32 வயதுக்குள் மடிகின்றனர், நீரிட்டும் நீரின்றியும் வேலை செய்யும் சவரக்கத்திச் சாணைக்காரர் 40 முதல் 45 வயதுக்குள், நீரிட்ட கல்லில் உணவுமேசைக் கத்தி தீட்டுவோர் 40 முதல் 50 வயதுக்குள். எங்கெல்ஸ் 1845இல் வெளியிட்ட நூலில் இவ்வெண்களை எடுத்தாண்டார். இரும்புத்தூளை ஈர்க்கும் காந்தக் கருவியொன்றை அந்நகரத்தார் ஒருவர் 1820களிலேயே அமைத்திருந்தார். நல்ல மனத்துடன் செய்ததுதான். ஆனால் நுரையீரலை அரித்தது பெரும்பாலும் இரும்பன்று, கல்லின் சிலிக்காத் தூசி என்பதை இன்று நாம் அறிவோம். காந்தம் கல்லை ஈர்க்காதே!

இன்னும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. தூசி தடுக்கும் சாதனங்களைச் சில இடங்களில் தொழிலாளரே உடைத்தெறிந்தனர் என்கிறார் எங்கெல்ஸ். வேலை பாதுகாப்பானதாகிவிட்டால் ஆட்கள் பெருகுவர், கூலி குறையும் என்று அவர்கள் அஞ்சினராம். இதை அறியாமை என்று சொல்லிக் கடந்துபோக நமக்கு மனம் வரவில்லை. சாவின் அருகாமையே தம் கூலியைக் காக்கிறது என்று ஒருவர் கணக்குப் போட நேர்ந்ததெனில், அந்தக் கணக்கை அவர்கள்முன் வைத்தவர் யார்?

கத்திக்கு வருவோம். பழைய கத்திகள் ஆப்பு வடிவில் கனத்திருந்தன. பெரிய கல்லில் தீட்டியதால் பக்கங்கள் ஏறக்குறையத் தட்டையாயின. கல்லின் விட்டம் குறையக் குறையக் குழிவு ஆழமாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்தார் பெயர்பெற்ற ஆழ்குழிவுக் கத்திகளில், வாயோரம் கட்டைவிரல் நகத்தில் அழுத்தினால் வளையுமளவு மெல்லியதாயிற்று. தீட்டும்போது கத்தியின் முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படியும்; அதனால் கோணம் தானே அமைகிறது. எளிய, அழகிய ஏற்பாடு. ஆனால் பல்லாண்டுத் தீட்டலில் அலகு அகலம் குறைந்து, கூருக்குப் பின்னுள்ள எஃகு தடிக்கிறது. அப்போது தீட்டுக்கல் போதாது. மீண்டும் சாணைக்கல்லில் குழிவு இழைக்க வேண்டும். மாற்றி எறியும் பிளேடுக்கு ஜில்லெட் 1904இல் காப்புரிமை பெற்றபின், அந்த வேலைக்கான தேவை சுருங்கிவிட்டது.

இன்று அதைச் செய்பவர் முதலில் அஞ்சுவது சூட்டுக்கு. மெல்லிய ஓரம் நொடியில் சூடேறும். வைக்கோல் நிறம் நீலமாகிவிட்டால் எஃகின் கடினம் போயிற்று. ஆகவே வெறும் விரலால் அலகைப் பற்றி, கல்லில் ஒருமுறை இழுத்ததும் நீரில் தோய்க்கிறார். முகத்தில் தூசிக்கவசம் அணிந்திருக்கிறார். தூசி அள்ளும் விசிறியும் அருகில் சுழல்கிறது. பிறகு தீட்டுக்கல், அதன்பின் தோல்வார்.

துரு வாயை எட்டாத கத்தியைச் சாணைக்குக் கொண்டுபோகலாகாது என்பதே நம் கருத்து. பளபளப்பு வேண்டி இழைத்தால் துருவோடு பழைய சாணைக்காரர் விட்டுச்சென்ற நுண்ணிய கோடுகளும் அழிந்துபோகும். வாய் அரித்த கத்தியின் நிலை வேறு. அதைச் சாணை பிடிக்கத்தான் வேண்டும், அக்காலத்திலும் அப்படித்தான் செய்தனர். தண்டில் பொறித்த தொழிலகப் பெயர் மட்டும் கெடாமலிருக்கட்டும் என்று மீட்பவர்கள் மிகவும் கவனம் கொள்கின்றனர், அந்தப் பெயருக்கே விலை என்பதால். சாணைக்காரரின் பெயர் அங்கே பொறிக்கப்படவில்லை.

ஷெஃபீல்டில் போர்ட்டர் ஓடைக்கரையில் ‘ஷெப்பர்ட் சக்கரம்’ என்ற பழைய சாணைக்கூடம் 1930வரை இயங்கி, செப்பனிடப்பெற்று 2012இல் மீண்டும் திறக்கப்பட்டது. அங்கே சாணைக்கற்களும் மரச்சேணங்களும் வரிசையாக இருக்கின்றன, சேணங்களில் ஆளில்லை.