தலைப்பாகையால் தன்னைக் கட்டிக்கொண்ட பயணி: இப்னு பதூதாவின் வருத்தங்கள்



இப்னு பதூதா என்றதும் நமக்கு ஞாபகம் வருவது இரண்டு விஷயங்கள். ஒன்று, அவர் உலகம் சுற்றினார். மற்றது, அவர் நமது நாட்டுக்கும் வந்து பாவா ஆதம் மலையில் ஏறினார். பரீட்சைக்கு இவ்வளவு போதும். ஆனால் அவர் அந்தப் பயணங்களில் எத்தனை தடவை காய்ச்சலில் விழுந்தார் என்பதை நாம் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. உம்றாவுக்கும் சுற்றுலாவுக்கும் நமது ஊரிலிருந்து வயதானவர்கள் கூட்டம் கூட்டமாகப் போகின்ற இந்தக் காலத்தில், அந்தப் பக்கத்தையும் ஒருக்கா பார்ப்போம்.

1325இல், 21 வயதில், மொரோக்கோவின் தன்ஜாவிலிருந்து ஹஜ்ஜுக்காகப் புறப்பட்டார். இன்றைய அல்ஜீரியாவின் பிஜாயா நகரை அடைந்தபோதே கடும் காய்ச்சல். சுகமாகும் வரை தங்கிச் செல்லும்படி கூட வந்தவர் சொன்னார். இவர் கேட்கவில்லை, மௌத்து வருவதானால் ஹிஜாஸை நோக்கிய வழியிலேயே வரட்டும் என்று பதில் சொன்னார். அந்தத் தோழர் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. வாகன மிருகத்தையும் பாரமான சாமான்களையும் விற்றுவிடச் சொல்லி, தன்னிடமிருந்த வாகனத்தையும் கூடாரத்தையும் இரவலாகக் கொடுத்தார்.

அதன் பிறகு வழிப்பறிக்காரர்களின் பயத்தில் இரவு பகலாகப் பயணம். காய்ச்சல் திரும்பவும் வந்தது. பலவீனத்தில் விழுந்துவிடாமலிருக்கத் தலைப்பாகைத் துணியால் தன்னைச் சேணத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். அப்படியே தூனிஸ் வந்து சேர்ந்தார். நகர மக்கள் வெளியே வந்து ஒவ்வொருவரையும் ஸலாம் சொல்லி வரவேற்றார்கள். இவரை மட்டும் அறிந்தவர் எவரும் இல்லை. தனிமை தாங்காமல் அழுதுவிட்டார். அதைக் கண்ட ஒரு ஹாஜி அருகில் வந்து ஸலாம் சொல்லி, நகருக்குள் போகும்வரை பேசிக்கொண்டே வந்தார். இந்தச் சிறிய உதவியை சுமார் 30 வருடங்களுக்குப் பிறகும் மறக்காமல் தனது நூலில் பதிய வைத்தார் என்றால், நோயாளிக்கு ஒரு ஸலாமின் பெறுமதி என்னவென்று நமக்கு விளங்கும்.

1327இல் ஈராக்கின் கூபாவிலிருந்து மீண்டும் மக்காவுக்குப் போகும் வழியில் வயிற்றோட்டம். ஒரு நாளைக்குப் பல தடவை ஒட்டகச் சிவிகையிலிருந்து அவரை இறக்க வேண்டியிருந்தது. பயணக் கூட்டத்தின் அமீர்தான் அவரை விசாரித்துக் கவனித்தார். மக்காவை அடைந்தபோதும் எழுந்து நிற்கப் பலமில்லை. உட்கார்ந்த நிலையிலேயே தவாஃப், அமீரின் குதிரையில் ஸஃயு. மார்க்கம் தந்த சலுகையை அவர் தயங்காமல் எடுத்துக்கொண்டார். இன்று நமது பெரியவர்கள் சிலர் சக்கர நாற்காலியில் ஏற வெட்கப்படுகிறார்கள்.

மாலைதீவிலும் காய்ச்சல் அவரை விடவில்லை. அங்கு போகின்ற எவருக்கும் அது வந்தே தீரும் என்று எழுதினார். பிறகு 1344இல் நமது புத்தளத்தில் இறங்கினார். மலைக்குப் போகும் வழியில் அவர் கண்ட அட்டையைப் பற்றிய குறிப்பு வாசிக்கத்தக்கது. தண்ணீருக்கு அருகில் மரத்திலும் புல்லிலும் இருந்து ஆளின் மேல் பாயும். ஊரார் தேசிக்காயைத் தயாராக வைத்திருப்பார்கள், அதன் சாற்றைப் பிழிந்தால் விழுந்துவிடும். கடித்த இடத்தை மரக்கத்தியால் சுரண்டுவார்கள். அட்டை கடித்ததைப் பொருட்படுத்தாமல் நடந்த ஒரு யாத்திரிகர் இரத்தம் போய் இறந்த கதையையும் அங்கே கேட்டு எழுதினார். சிறிய வருத்தம்தானே என்று விடுகின்றவர்களுக்கு அந்தக் கதை போதும்.

இலங்கையிலிருந்து மஃபர் கரைக்கு, அதாவது இன்றைய தமிழ்நாட்டுக்குப் போனார். மதுரையில் அப்போது கொள்ளை நோய். பிடித்தவர்கள் இரண்டாம், மூன்றாம் நாளில் இறந்துகொண்டிருந்தார்கள். சுல்தானின் குடும்பத்திலும் மரணங்கள் நிகழ்ந்தன. இவருக்கும் கடும் காய்ச்சல்; முடிவு வந்துவிட்டதென்றே நினைத்தார். அங்கே தாராளமாகக் கிடைத்த புளியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தார். மூன்று நாள் வயிறு கழிந்தது, பிறகு சுகம் கிடைத்தது; அது அல்லாஹ் தன் மனதில் போட்ட யோசனை என்றார். (இதை வாசித்துவிட்டு யாரும் காய்ச்சலுக்குப் புளி கரைக்க வேண்டாம். வைத்தியரிடம் போங்கள்.) வருத்தம் முழுதாக மாறாததால் கொல்லத்தில் மூன்று மாதம் தங்கினார். தன்ஜாவிலிருந்து புறப்பட்டபோது நிற்க மறுத்த அதே மனிதர், நாற்பது வயதில் நின்று ஓய்வெடுக்கக் கற்றிருந்தார்.

ஊர் திரும்பும் வழியில்தான் பெரிய சோதனை. 1348இல் கறுப்பு மரணம் எனும் கொள்ளை நோய். டமஸ்கஸில் மக்கள் மூன்று நாள் நோன்பு வைத்து, முஸ்லிம்கள், யூதர்கள், கிறிஸ்தவர்கள் எல்லோரும் சேர்ந்து அழுது பிரார்த்தித்ததைக் கண்ணால் கண்டார். இளமையில் ஒரு பக்கம் மட்டும் இடிந்திருந்த அலெக்ஸாண்டிரியாக் கலங்கரை விளக்கம், திரும்பி வந்தபோது உள்ளே நுழைய முடியாதபடி சிதைந்திருந்தது. மொரோக்கோவின் தாஸாவை அடைந்தபோது, தனது உம்மா அதே நோயில் மௌத்தாகிவிட்ட செய்தி வந்தது. 24 வருடங்களாகக் காணாத உம்மா. அதன்பின் ஸப்தாவில் அவரே மூன்று மாதம் நோயில் கிடந்தார்.

1355இல் இப்னு ஜுஸை அவர் சொன்னவற்றை எழுதி முடித்தார். அந்த நூல் நமக்குக் கிடைத்தது அவர் இரும்பு மனிதராக இருந்ததனால் அல்ல. வாகனம் கொடுத்த தோழர், ஸலாம் சொன்ன ஹாஜி, விசாரித்த அமீர், இவர்களெல்லாம் வழியில் இருந்ததனால்தான்.

ஆகவே பயணம் போகின்ற நமது வாப்பாமார், உம்மாமாரிடம் ஒரு வேண்டுகோள். சீனி வருத்தத்தையும் பிரஷரையும் கூட வருபவர்களிடம் மறைக்க வேண்டாம். குளிசைகளைப் பெட்டியில் போட்டு அனுப்பாமல் கைப்பையில் வையுங்கள். கிளினிக் கொப்பியையும் எடுத்துச் செல்லுங்கள். கூடப் போகும் இளைஞர்களே, பஸ்ஸில் ஒருவர் பேசாமல் ஒதுங்கி இருந்தால் முதலில் போய் ஸலாம் சொல்லுங்கள்.

கால்நடையாகவும் கப்பலிலும் பயணம் போன நமது முன்னோர் வழியில் வருத்தம் வந்தால் என்ன செய்தார்கள் என்று வீட்டில் மூத்தவர்கள் சொல்லியிருந்தால் இங்கே எழுதுங்கள். அதுவும் நமது வரலாறுதான்.