மின்னஞ்சல் சென்றடைவு

மின்னஞ்சல் சென்றடைவு என்பது ஒரு வழங்கியிலிருந்து (சர்வர்) புறப்பட்ட மடல் பெறுநரின் உள்பெட்டியில் போய் விழுவது. மறுமுனை வழங்கி மடலை வாங்கிக்கொண்டாலே போதாது. வாங்கிய மடலை அது எரிதப் பெட்டியில் (ஸ்பாம்) ஒதுக்கிவிட்டால், சென்றடைந்ததாகக் கணக்கில்லை. வெப் ஹோஸ்டிங் எடுத்து வலைத்தளம் நடத்துவோர், மடல்கள் போய்ச் சேராதபோது வழங்கியை மேம்படுத்த முனைவது வழக்கம். நினைவகத்தையும் செயலியையும் பெருக்குவதால் இதில் பயன் இல்லை. வழங்கியின் ஐபி முகவரியும் ஆள்களப் பெயரும் (டொமைன்) எடுத்திருக்கும் நற்பெயரே மடலின் கதியை முடிவு செய்கிறது.

வரலாறு

இணையத்திற்கு முந்தைய ஆர்ப்பாநெட் வலையமைப்பில் 1978 மே மாதம் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனைச் சேர்ந்த கேரி துர்க், ஏறத்தாழ 400 பேருக்குக் கணினி விற்பனை விளம்பரம் ஒன்றை அனுப்பினார். முதல் எரித மடலாக இதையே குறிப்பிடுவர். இன்றும் மடல்களைச் சுமக்கும் எஸ்எம்டிபி நெறிமுறை அப்போது பிறக்கவில்லை. ஜான் போஸ்டல் அதை 1982 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 821 என்னும் ஆவணமாக வெளியிட்டார். ஒருவரையொருவர் அறிந்த ஆய்வகங்களுக்காக எழுதப்பட்டதால், அனுப்புநர் தம் பெயராக எதைச் சொன்னாலும் அது நம்பியது. யாருடைய மடலையும் யாருடைய வழங்கியும் வாங்கி அடுத்த இடத்திற்குத் தள்ளிவிடுவது அன்று நல்ல அண்டை வீட்டுப் பண்பாகக் கருதப்பட்டது. எரிதம் அனுப்புவோர் பெரிதும் பயன்படுத்திக்கொண்டது இந்தப் பண்பைத்தான். பெர்க்லியில் எரிக் ஆல்மன் உருவாக்கிய சென்ட்மெயில் மென்பொருள், 1998இல் வந்த 8.9 பதிப்பில்தான் இவ்வாறு கடத்துவதை இயல்பு அமைப்பிலேயே நிறுத்தியது.

அதற்குள் எரிதம் அனுப்பும் முகவரிகளைத் தொகுக்கும் கறுப்புப் பட்டியல்கள் தோன்றிவிட்டன. 1997 வாக்கில் பால் விக்சி முதலானோர் நடத்திய மேப்ஸ் அமைப்பின் பட்டியல் முன்னோடியானது. மேப்ஸ் என்ற சுருக்கத்தின் ஆங்கில எழுத்துகளைப் பின்னிருந்து படித்தால் ஸ்பாம் என்று வரும். ஆள்களப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ் வழியாகப் பட்டியலைக் கேட்கும் முறை எளிமையானது, அழகானதும்கூட. 192.0.2.25 என்ற முகவரியிலிருந்து மடல் வந்தால், பெறும் வழங்கி அதை 25.2.0.192 என்று திருப்பிப்போட்டு, பட்டியலின் பெயரைப் பின்னால் ஒட்டி, டிஎன்எஸ்ஸிடம் ஒரு கேள்வி கேட்கிறது. 127.0.0.2 போன்ற விடை வந்தால் அந்த முகவரி பட்டியலில் உள்ளது. விடையே இல்லையென்றால் இல்லை. 1998இல் ஸ்டீவ் லின்ஃபோர்டு தொடங்கிய ஸ்பாம்ஹவுஸ் இன்றும் இம்முறையையே கையாள்கிறது.

ஸ்பாம்ஹவுஸ் பட்டியலில் சேர்க்கப்பட்டதை எதிர்த்து இ360 என்ற நிறுவனம் தொடுத்த வழக்கில், 2006இல் அமெரிக்காவின் இல்லினாய் கூட்டரசு நீதிமன்றம் ஸ்பாம்ஹவுஸுக்கு எதிராக 1.17 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. மேல்முறையீடுகளுக்குப் பின் 2011இல் அது 3 டாலராகச் சுருங்கியது. வழக்கு எப்படிப் போனாலும், தன் வாசலில் எந்த மடலை ஏற்பது, எதை மறுப்பது என்பது பெறும் வழங்கியின் உரிமை; பட்டியல் வெறும் ஆலோசனையே.

அடையாளச் சான்றுகள்

மெங் வெங் வோங் முன்னெடுத்த எஸ்பிஎஃப் (ஆர்எஃப்சி 4408, 2006), ஓர் ஆள்களத்தின் பெயரில் எந்தெந்த முகவரிகள் மடல் அனுப்பலாம் என்பதை டிஎன்எஸ்ஸில் அறிவிக்கிறது. யாகூவும் சிஸ்கோவும் தனித்தனியே வகுத்த முறைகளை இணைத்து 2007இல் தரப்படுத்தப்பட்ட டிகேஐஎம், மடலின் மீது மறையீட்டு ஒப்பமிடுகிறது. இவ்விரண்டும் தவறினால் மடலை என்ன செய்வது என்பதை 2012இல் அறிமுகமான டிமார்க் சொல்கிறது.

வழங்கி மேம்பாடு

பகிர்வு ஹோஸ்டிங்கில் நூற்றுக்கணக்கான தளங்கள் ஒரே ஐபி முகவரியில் குடியிருக்கும். அவற்றுள் ஒன்றின் தொடர்புப் படிவம் எரிதம் அனுப்புவோர் கையில் சிக்கினாலும், அண்டைத் தளங்களின் விலைப்பட்டியலும் கடவுச்சொல் மடலும் சேர்ந்தே மறுக்கப்படும். குற்றமற்றவர் தண்டனை பெறும் இந்த நிலை வருந்தத்தக்கது. தனி முகவரி உள்ள வழங்கிக்கு மாறுவதன் முதன்மைக் காரணம் இதுவே.

ஆனால் தனி முகவரி என்பது புது முகவரி அன்று. ஐபிவி4 முகவரிகளின் மையக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3ஆம் நாள் தீர்ந்தது. அதன்பின் கைமாறி வரும் முகவரிகளே மிகுதி. முன்பு குடியிருந்தவரின் கறை அவற்றில் ஒட்டியிருக்கும். எனவே மடல் அனுப்பத் தொடங்குமுன் அந்த முகவரியைக் கறுப்புப் பட்டியல்களில் தேடிப் பார்ப்பது இன்றியமையாதது. அடுத்தது பிடிஆர் எனப்படும் பின்னோக்குப் பதிவு. முகவரியைக் கேட்டால் வழங்கியின் பெயர் வரவேண்டும்; அந்தப் பெயரைக் கேட்டால் அதே முகவரி வரவேண்டும். இதை ஆள்களத்தின் கட்டுப்பாட்டுப் பலகையில் தேடிக் களைப்பவர் பலர். முகவரிக்கு உரிமையுள்ள ஹோஸ்டிங் நிறுவனம்தான் இதை அமைக்க முடியும், அல்லது அமைக்கும் வசதியைத் தர முடியும்.

பழைய இயங்குதளமும் தடையாகும். சென்ட்ஓஎஸ் 5 இயங்குதளத்துடன் வந்த ஓபன்எஸ்எஸ்எல் 0.9.8 என்னும் மறையீட்டு மென்பொருள், மடல் செல்லும் இணைப்பை மறையீடு செய்யும் டிஎல்எஸ் நெறிமுறையின் 1.2 பதிப்பை அறியாது. டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டும் 2021 மார்ச்சில் முறைப்படி கைவிடப்பட்டன. சென்ட்ஓஎஸ் 7க்கான ஆதரவும் 2024 ஜூன் 30உடன் முடிந்தது.

புதிய வழங்கிக்கு மாறும்போது அதன் முகவரியை எஸ்பிஎஃப் பதிவில் முன்னதாகவே சேர்க்க வேண்டும். பழைய வழங்கியை உடனே அணைத்துவிடக் கூடாது. சேராத மடலைக் குறைந்தது நான்கைந்து நாள்களாவது வைத்திருந்து மீண்டும் மீண்டும் அனுப்பிப் பார்க்கவேண்டும் என்பது எஸ்எம்டிபி விதி. உடனே அணைத்தால், அவ்வாறு வரிசையில் காத்திருக்கும் மடல்கள் வழங்கியோடு அழிந்துவிடும். புதிய முகவரியிலிருந்து முதல் நாளே ஆயிரக்கணக்கில் அனுப்பாமல், சிறுகச் சிறுகக் கூட்டிச் செல்வது நற்பெயரை வளர்க்கும்.

இன்றைய நிலை

2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் மொத்தமாக அனுப்புவோருக்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் கட்டாயமாக்கின. ஜிமெயில் கணக்குகளுக்கு நாளொன்றுக்கு 5,000 மடல்கள் என்பது, மொத்தமாக அனுப்புவோர் யார் என வரையறுக்கக் கூகுள் வைத்த எல்லை. எரிதப் புகார் 0.3 விழுக்காட்டை எட்டக் கூடாது. 2025 மே மாதம் மைக்ரோசாஃப்ட்டும் ஒத்த விதிகளை நடைமுறைப்படுத்தியது.