அல்மாட்டியில் வசந்தம்

கஜகஸ்தானின் தென்கிழக்கில், தியான் ஷான் மலைத்தொடரின் வடக்கு விளிம்பான இலே அலாட்டாவ் அடிவாரத்தில் உள்ள நகரம் அல்மாட்டி. மக்கள்தொகை 20 இலட்சத்துக்கும் மேல். நாட்டின் மிகப் பெரிய நகரம். 1929 முதல் 1997 வரை தலைநகரம். தெற்கே மலை 4,979 மீட்டர் உயரமுள்ள தால்கார் சிகரம் வரை எழும்புகிறது. வடக்கே நிலம் சரிந்து புல்வெளியாகிறது. ஊர்க்காரர்கள் வழி சொல்லும்போது தெற்கு, வடக்கு என்று சொல்வது குறைவு. ‘மேலே’, ‘கீழே’ என்றுதான் சொல்வார்கள்.

இந்தச் சரிவினால் வசந்தம் நகரத்துக்குள் ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. கீழிருந்து மேலே ஏறிப் போகிறது. மார்ச்சில் தெருப்பனி உருகும். ஏப்ரலில் சர்க்கரைபாதாமி பூக்கும். ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் ஆப்பிள் பூக்கும். அந்த நாட்களிலும் 2,500 மீட்டருக்கு மேலே பனி அப்படியே கிடக்கும். ஏப்ரலில் காலை நேரத்தில் நகருக்கு மேலே உள்ள ஷிம்புலாக் சரிவில் பனிச்சறுக்கு ஆடிவிட்டு, பிற்பகலில் கீழே பூத்த மரத்தடியில் உட்காரலாம். ஆனால் ஆண்டிலேயே அதிக மழை பெய்வதும் ஏப்ரல், மே மாதங்களில்தான் என்பதைப் பயண விளம்பரங்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

இந்த வசந்தத்தில் இயற்கையின் பங்கு எவ்வளவோ அவ்வளவு மனிதரின் பங்கும் உண்டு. நிழல் தரும் மரங்கள் நட்டுவைத்தவை, தெருவோர நீர் திருப்பிவிடப்பட்டது. அதே நீர் பல முறை ஊரை அழிக்கவும் வந்திருக்கிறது.

கோட்டையும் மரங்களும்

இவ்விடத்தில் பழைய ஊர் ஒன்று இருந்தது. முகலாயப் பேரரசர் பாபர் தம் நினைவுக் குறிப்புகளில், ஃபெர்கானாவுக்கு வடக்கே பாழடைந்துபோன ஊர்களில் ஒன்றாக அல்மாட்டுவைக் குறிப்பிடுகிறார். அதன் பின் சில நூற்றாண்டுகள் இது கஜக் மேய்ச்சல்காரர்களின் நிலம். 1854இல் ரஷ்யப் படை இங்கே கோட்டை கட்டியது. விரைவில் அதற்கு வேர்னி என்ற பெயர் நிலைத்தது. 1867இல் அது நகரமாகி, செமிரெச்சியே மாகாணத்தின் தலைமையிடமானது. 1856–57இல் புவியியலாளர் பியோத்தர் செம்யோனோவ் தியான் ஷானை ஆராய இவ்வழியே சென்றார்.

கோட்டையைச் சுற்றிப் பெரும்பாலும் மரமற்ற வெளிதான். மாகாண ஆளுநர் கெராசிம் கொல்பக்கோவ்ஸ்கி குடியேறிகள் ஒவ்வொருவரும் வீட்டு முன்னே மரம் வைக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். வன அதிகாரி எடுவர்ட் பௌம் ஒரு தோப்பையே உருவாக்கினார். அது இன்றும் அவர் பெயரில் நிற்கிறது. மரங்களுக்கு நீர் வேண்டுமல்லவா, அதற்குத்தான் ‘ஆரிக்’ எனப்படும் தெருவோர வாய்க்கால்கள். மத்திய ஆசியாவின் பழைய பாசன முறை அது. மலையாற்று நீரை மேலே திருப்பிவிட்டால் போதும். சரிவே அதைத் தெருத்தெருவாக இறக்கிக் கொண்டுபோகும், இறைக்கும் பொறி எதுவும் தேவையில்லை. இன்றைய ஆரிக்குகள் பெரும்பாலும் கான்கிரீட் பூசியவை. வசந்தத்தில் நீர் திறந்துவிட்ட பின் நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவே சலசலவென்று ஓடும். கையை விட்டால் சில்லென்று விறைக்கும். தவறிக் கால் வைக்கும் வெளியூர்க்காரர்களும் உண்டு.

கொல்பக்கோவ்ஸ்கியின் பெயர் ஒரு காட்டு துலிப் மலரிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் தாவரவியலாளர் எடுவர்ட் ரெகெல் 1870களிலும் 1880களிலும் மத்திய ஆசியாவிலிருந்து வந்த துலிப்களுக்கு வரிசையாகப் பெயர் வைத்தார். மஞ்சள் நிறக் காட்டு துலிப் செமிரெச்சியே ஆளுநர் பெயரையும், நீர் அல்லி போல விரியும் இன்னொன்று துருக்கெஸ்தான் தலைமை ஆளுநர் காவுஃப்மான் பெயரையும் பெற்றன. நிலத்தைப் பிடித்த அதிகாரிகளின் பெயரைப் பூவுக்கு வைப்பது அக்காலத்து மரியாதை. ஏப்ரலில் அடிவாரக் குன்றுகளில் அவற்றைப் பார்க்கப் போகிறவர்களில் பெரும்பாலோருக்கு அந்த அதிகாரிகள் யாரென்றே தெரியாது.

ஆப்பிள்

நகரத்தின் பெயரிலேயே ஆப்பிள் இருக்கிறது: ‘அல்மா’ என்றால் கஜக் மொழியில் ஆப்பிள். மலைச்சரிவில் காடாக வளரும் சீவெர்ஸ் ஆப்பிளே உலகெங்கும் நாம் உண்ணும் ஆப்பிளின் முதன்மை மூதாதை. ரஷ்ய அரசுப் பணியிலிருந்த மருந்தாளர் யோஹான் சீவெர்ஸ் 1793இல், இங்கிருந்து வடகிழக்கே தொலைவிலுள்ள தார்பகதாய் பகுதியில் அதைக் கண்டார். 1833இல் தாவரவியலாளர் லெடெபூர் அதை முறைப்படி விவரித்து சீவெர்ஸின் பெயரை வைத்தார். 1929இல் நிக்கோலாய் வாவிலோவ் அல்மாட்டி மலைகளுக்கு வந்தார். ஒரே சரிவில் சிறிதும் பெரிதுமாக, புளிப்பும் இனிப்புமாக, பச்சையும் சிவப்புமாகக் காய்த்த காட்டு மரங்களைப் பார்த்து, பயிர் ஆப்பிளின் தாயகம் இதுதான் என்ற முடிவுக்கு வந்தார். பயிர்களின் பிறப்பிடங்களைத் தேடி உலகைச் சுற்றிய அவர், ஸ்டாலின் காலச் சிறையில் 1943இல் இறந்தார். அவர் முடிவைக் கஜக் தாவரவியலாளர் அய்மாக் ஜங்காலியேவ் பல பத்தாண்டுகள் காட்டுமரங்களிடையே உழைத்து வலுப்படுத்தினார். 2010இல் வெளியான ஆப்பிள் மரபணுத்தொகுதி ஆய்வும் அதையே உறுதி செய்தது.

நகரச் சந்தைக்குப் புகழ் தந்த அபோர்ட் ஆப்பிள் மட்டும் வந்த விருந்தாளி. 1865இல் வொரோனெஷ் பகுதியிலிருந்து வந்த குடியேறி ஒருவர் கொண்டுவந்த கன்றுகள் அவை. காட்டு ஆப்பிளின் வேர்த்தண்டில் ஒட்டுக்கட்டி, அடிவார உயரத்தில் வளர்த்தபோது ஒரே கனி அரைக் கிலோவைத் தாண்டியது. பிற்காலத்தில் தோட்டங்கள் வீட்டு மனைகளாயின. காட்டு ஆப்பிளின் இடமும் சுருங்கியது. இன்று காட்டு ஆப்பிள் அழிவாய்ப்புள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. பூப் பார்க்க விரும்புகிறவர் நகரத் தெருக்களில் நின்றுவிடாமல், 1996இல் அமைந்த இலே-அலாட்டாவ் தேசியப் பூங்காவின் சரிவுகளுக்குப் போக வேண்டும்.

நிலநடுக்கமும் சேற்று வெள்ளமும்

1887 ஜூன் 9 அதிகாலை வேர்னியின் செங்கல் வீடுகள் ஏறத்தாழ எல்லாமே இடிந்தன. முந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின் ஊர் மரத்துக்குத் திரும்பியது. இன்று பான்ஃபிலோவ் பூங்காவில் நிற்கும் விண்ணேற்றப் பேராலயம் அந்தப் பாடத்தின் விளைவு. பொறியாளர் ஆந்திரே சென்கோவ் 1904–07இல் தியான் ஷான் ஸ்ப்ரூஸ் மரத்தில் அதைக் கட்டினார். 1911 ஜனவரியில், ஏறத்தாழ 8 அளவு என மதிப்பிடப்படும் கெமின் நிலநடுக்கம் ஊரைக் குலைத்தபோது அது சிறு சேதத்தோடு நின்றது. ஓர் ஆணிகூட இல்லாமல் கட்டியது என்று வழிகாட்டிகள் சொல்வதை நம்ப வேண்டாம். இரும்பு இணைப்புகள் அதில் உண்டு.

வசந்தத்தோடு நேரடித் தொடர்புள்ள ஆபத்து வேறு. பனியும் பனியாறும் உருகி, மழையும் சேரும்போது, மேலே உள்ள பாறைக்குவியல் குழம்பாகிப் பள்ளத்தாக்கு வழியே பாய்கிறது. அதற்கான காலம் மே மாதத்தில் தொடங்குகிறது, கோடையில் உச்சம். 1921 ஜூலை 8 இரவு சின்ன அல்மாட்டி ஆறு சேறும் வீட்டளவுப் பாறைகளுமாக நகருக்குள் நுழைந்து சில நூறு பேரைக் கொன்றது. அதே ஆண்டுதான் ஊர் அல்மா-அட்டா என்ற பெயர் பெற்றது. 1963இல் நகரின் கிழக்கே இருந்த இஸ்ஸிக் ஏரி இத்தகைய வெள்ளத்தால் கரை உடைந்து வடிந்தே போனது.

அந்த அதிர்ச்சிக்குப் பின் சோவியத் பொறியாளர்கள் எடுத்த முடிவு துணிச்சலானது. 1966இலும் 1967இலும் சின்ன அல்மாட்டி ஆறு ஓடும் மெதேயு பள்ளத்தாக்கின் இரு பக்கச் சரிவுகளையும் ஆயிரக்கணக்கான டன் வெடிமருந்தால் தகர்த்துக் கீழே சரித்து, அந்தப் பாறையையே அணையாக்கினார்கள். இத்தனை வெடிமருந்து தேவையா என்று அன்றே விவாதம் எழுந்தது. 1973 ஜூலை 15 அன்று பதில் கிடைத்தது: மேலிருந்து வந்த சேற்றுப்பிரவாகம் அணையின் பின்னே நின்றது. வடிகுழாய்கள் அடைபட, நீர்மட்டம் ஏற ஏற இரவு பகலாக இறைப்புப் பொறிகள் ஓடின. அணை தாங்கியது, பிறகு அதை மேலும் உயர்த்தினார்கள். இன்று பயணிகள் அதன் 842 படிகளை உடற்பயிற்சியாக ஏறுகிறார்கள். உச்சியில் மூச்சு வாங்கி நிற்பவர், கீழே மெதேயு பனிக்கட்டிச் சறுக்கு அரங்கைப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்வதோடு நிறுத்தாமல், திரும்பி மறுபக்கத்தையும் பார்க்கலாம். அணை எதைத் தடுக்கிறது என்பது அங்கேதான் புரியும்.

வந்தவர்களும் விழாவும்

1928 ஜனவரி இறுதியில், மாஸ்கோவிலிருந்து வெளியேற்றப்பட்ட ரஷ்யப் புரட்சித் தலைவர் ட்ரொட்ஸ்கி இங்கே வந்து சேர்ந்து ஓராண்டு இருந்தார். அவருடைய சுயசரிதையில் இடம்பெறும் மனைவி நடாலியா செடோவாவின் குறிப்புகள், புல்வெளியில் கசகசாப் பூ சிவந்து படர்ந்திருந்ததை நினைவுகூர்கின்றன. இரண்டாம் உலகப் போரில் மாஸ்கோவையும் லெனின்கிராடையும் சேர்ந்த திரைப்படக் கூடங்கள் இங்கே இடம்பெயர்ந்தன. இயக்குநர் ஐசன்ஸ்டைனின் ‘இவான் தி டெரிபிள்’ பெரும்பாலும் இங்கேதான் படமானது.

வசந்தத்தின் சொந்த விழா நவுரிஸ். சோவியத் ஆட்சி அதை 1926இல் தடை செய்தது. 1988இல் மீண்டும் பொதுவிழா ஆயிற்று. மார்ச் 21 முதல் 23 வரை விடுமுறை. விழாவின் உணவு நவுரிஸ் கொஜே: நீர், இறைச்சி, உப்பு, கொழுப்பு, மாவு, தானியம், பால் என ஏழு சேர்த்த கஞ்சி. நம் ஊர்க் கூழைப் போல லேசாகப் புளித்திருக்கும். இறைச்சித் துண்டு தட்டுப்படும்போது அந்த ஒப்புமை கைவிட்டுப்போகும். மறுக்காமல் ஒரு கிண்ணம் குடிப்பது மரியாதை. நகரின் பச்சைச் சந்தையில் ஒரு பக்கம் குதிரை இறைச்சித் தொத்திறைச்சி, உலர்ந்த தயிருருண்டை. அடுத்த வரிசையில் 1937இல் சோவியத் தூரக் கிழக்கிலிருந்து கட்டாயமாக இடம்பெயர்க்கப்பட்ட கொரியர்களின் பேத்திமார் விற்கும் காரக் காரட் சாலட். வசந்தத்தில் ஜுசாய் எனப்படும் பூண்டுக்கீரைக் கட்டுகள் புதிதாக வந்து சேரும்.

இந்தியக் குடிமக்கள் 2022 ஜூலை முதல் 14 நாள்வரை விசா இல்லாமல் வரலாம். டெல்லியிலிருந்து நேரடி விமானமும் உண்டு. குளிர்காலத்தில் நிலக்கரிப் புகை பள்ளத்தாக்கில் தேங்கி மலையையே மறைத்துவிடும். வசந்தக் காற்றும் மழையும் வந்த பிறகுதான் சிகரங்கள் தெளிவாகத் தெரியும். நகருக்கு மேலே கோக்-ஜாய்லாவ் எனும் மலைப்புல்வெளி உண்டு, வசந்த நடைப்பயணிகளுக்குப் பிடித்த இடம். அங்கே பனிச்சறுக்கு விடுதி கட்டும் திட்டம் பல ஆண்டுகள் நீடித்தது. ஊர்க்காரர்களும் சூழல் ஆர்வலர்களும் எதிர்த்து நின்றார்கள். 2019 அக்டோபரில் குடியரசுத் தலைவர் தோகாயேவ் அத்திட்டத்துக்குத் தடை விதித்தார்.